லாம்போ கேட்ட சொல்

பலெர்மோ, சீசா
5 பெப்ரவரி 2025

அன்புள்ள விமலராணிக்கு,

பலெர்மோவைச் சுற்றியிருந்த மலைகள் எல்லாம் எரிந்து, விமான நிலையத்தையே பூட்டி வைத்த கோடை அது. நீர் வேலைக்குப் போய்ப் பார்த்துக்கொண்ட கிழவி, உம்முடைய லிபெர்த்தா சிஞோராவை அடக்கம் செய்து பதினோராம் நாள். பேத்தி றம்யாவுக்கு முதல் கடைவாய்ப்பல் முளைத்திருந்தது. அந்தக் கிழமைதான் லாம்போ முதுகெல்லாம் சாம்பலோடு நம்முடைய கட்டடத்து வாசலில் வந்து நின்றது. றோஸ்மேரி அதை 2023 என்கிறாள். எனக்கு இலக்கம் வேண்டியதில்லை. கரிந்த மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. வந்த நாய்க்கு முதலில் தண்ணீர் வைத்தது யார்? நீர். நான் அல்ல. இதை எழுது என்று றோஸ்மேரியிடம் இரண்டு தரம் சொன்னேன்.

இந்தக் கடிதத்தை எழுதுவது கீழ்வீட்டு றோஸ்மேரி. தொலைபேசியில் என் குரல் வேண்டாம், குறுக்கே குறுக்கே கத்துகிறேன், சொல்ல உள்ளதை எழுதிப் போடட்டும் என்று மகள் றஜிதாவிடம் சொன்னீராம். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது கல்யாணம் கட்டிய நாற்பது வருடமாக உமக்குத் தெரியும். நான் சொல்வதை எல்லாம் இன்னொருத்தி இருந்து கேட்கவேண்டும் என்பதுதான் நீர் தந்த தண்டனை. விளங்கிவிட்டது.

போன மார்கழியில் கபோ சந்தையில் நீர் விழுந்து கையை முறித்தது புனித லூசியா நாள். ஊர் முழுக்கப் பாணை விட்டுவிட்டு அரஞ்சினே என்கிற பொரித்த சோற்றுருண்டை தின்கிற நாள். மீன்கடைக்காரன் வாள்மீன் தலையைப் பனிக்கட்டியில் நிமிர்த்தி வைத்திருந்தான். லாம்போ அதற்குப் பாய்ந்தது. நாயின் வாரை நீர் மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்தீர். சுற்ற வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். நான் நாயை முதலில் தூக்கியதற்குக் காரணம், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது.

கை எப்படி இருக்கிறது? நாய் நன்றாக இருக்கிறது. பிந்திய வசனத்தை எழுத வேண்டாம் என்றேன். றோஸ்மேரி எழுதிவிட்டாள்.

ஸ்ரனிஸ்லாஸ்


பொலோஞா
17 பெப்ரவரி 2025

றஜிதாவின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. றோஸ்மேரியின் கையெழுத்து அழகு. உள்ளே இருந்தது உங்கள் பேச்சு.

கை கட்டுப் பிரித்தாயிற்று. சுண்டுவிரல் மட்டும் மடங்க மறுக்கிறது. றஜிதா இரண்டு வேலைக்குப் போகிறாள். றம்யாவை நான்தான் பார்க்கிறேன். இங்கே என்னை யாரும் மீன்தண்ணீரில் இழுத்துக்கொண்டு போவதில்லை.

கபோவில் அந்த ஒழுங்கைக்குள் சந்தை நேரத்தில் மோட்டார் சைக்கிள் எப்படி வந்தது? பெட்டியும் சனமுமாக எறும்பு போக இடமில்லை. நான் பனிக்கட்டிக்குள் கிடந்தேன். வலது கை எனக்குக் கீழே இருந்தது. சனம் சிரித்தது. அது எனக்குப் பெரிதில்லை, அவர்களுக்கு நான் யாரோ. அந்தச் சிரிப்புக்குள் உங்கள் சிரிப்பையும் கேட்டேன். பிறகு நீங்கள் குனிந்து நாயை அள்ளித் தூக்கி, "உனக்கு அடிபட்டதோடா?" என்று கேட்டீர்கள். என்னைத் தூக்கியது மீன்காரனின் மனைவி. அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

நான் எப்போது வருவேன் என்று மகளிடம் கேட்டீர்களாம். சொல்கிறேன். அந்த நாய் பிறத்தியாருக்கு முன்னால், பிறத்தியார் பார்த்து எழுதித் தர, ஒரு மனிதர் சொன்ன சொல்லைக் கேட்டது என்று காகிதம் வரட்டும். அன்றைக்கு வருகிறேன்.

விமலராணி


பலெர்மோ
20 மார்ச் 2025

அன்புள்ள விமலராணிக்கு,

நேற்று சூசையப்பர் திருநாள். முதல் நாள் இரவே தெருவில் பழைய கதிரை மேசை எல்லாம் போட்டு எரித்தார்கள். லாம்போ நெருப்பைக் கண்டு கட்டிலுக்குக் கீழே போனது, இன்றைக்கு மத்தியானம்தான் வெளியே வந்தது. மலை எரிந்ததை அதுவும் மறக்கவில்லை.

நீர் கேட்ட காகிதத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டேன்.

பார்த்தினிக்கோப் பக்கத்தில் கலோஜெரோ என்று ஒருவர் வயலுக்குள் நாய்களைப் பழக்குகிறார். மேயில் அங்கே நாய்களுக்கு வேலைப்போட்டி. வெளியூரிலிருந்து நடுவர் வருகிறார். சாதி நாய், தெருநாய் எல்லாம் சேரலாம். ஒவ்வொரு நாய்க்கும் புள்ளி போட்டு, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தித் தாள் தருகிறார்கள். நீர் கேட்டது அதுதானே? நான் பெயர் கொடுத்துவிட்டேன். றோஸ்மேரி சொல்கிறாள், நீர் கோபத்தில் எழுதியதாம், அப்படியே எடுக்கக் கூடாதாம். "மாமா, அவ சும்மா குத்திக் காட்டினவ" என்கிறாள். எனக்குக் குத்திக் காட்டியதும் தெரியாது, காட்டாததும் தெரியாது. காகிதம் கேட்டீர், காகிதம் வரும்.

போட்டி இரண்டு பகுதி. முதலாவதைப் பிஸ்தா என்கிறார்கள். தின்கிற பிஸ்தா இல்லை, தடம். முன்பின் தெரியாத ஒருவர் புல்லுக்குள் முந்நூறு நானூறு காலடி நடந்து, வழியில் மூன்று சாமான் போட்டுவிட்டுப் போவார். ஒரு துண்டு மரம், ஒரு துண்டு துணி, ஒரு துண்டு தோல். அரை மணித்தியாலம் கழித்து நாய் அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். சாமான் கிடைத்த இடத்தில் படுத்துக் காட்டவேண்டும். லாம்போவுக்கு இது பிறவிக் கலை. முதல் நாள் மட்டும் தோலைத் தின்றுவிட்டது. என்னை ஸ்தானி என்று கூப்பிடுகிற கலோஜெரோ கேட்டார்: "ஸ்தானி, உங்கட நாய்க்கு இது சோதனையோ, சாப்பாடோ?" இப்போது தின்பதில்லை. படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறது.

இரண்டாவது சொல் கேட்பது. அங்கேதான் பிழைக்கிறது. இரு என்றால் இருக்கிறது, படு என்றால் படுக்கிறது. இதெல்லாம் நான் வீட்டில் தமிழில் பழக்கியது. ஆனால் வெறுவயலில் நாயை நேரே முன்னால் அனுப்பவேண்டும். ஐம்பது அடி ஓடி, அங்கே படுக்கவேண்டும். அதை மட்டும் கலோஜெரோ இத்தாலியனில்தான் பழக்கினார். கையை நீட்டிப் போகச் சொல்கிறேன். இரண்டு பாய்ச்சல் போகும், திரும்பும், என் காலடிக்கு ஓடி வந்து வாலை ஆட்டும். உரக்கச் சொன்னால் இன்னும் வேகமாக வருகிறது. நூறு தரம் செய்தாயிற்று. மற்றவர்கள் வேலியில் சாய்ந்து நின்று பார்க்கிறார்கள். ஒருத்தி சொன்னாள், "நாய்க்கு எசமானை விட்டுப் போக மனமில்லை" என்று. கலோஜெரோ, "தலையில் கட்டை" என்றார். யாருடைய தலையில் என்று சொல்லவில்லை.

இதில் முட்டை வாங்கினால் மற்றப் புள்ளிகள் போதாது. காகிதம் வராது.

ஸ்ரனிஸ்லாஸ்


பொலோஞா
6 ஏப்ரல் 2025

றஜிதாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் இருந்தேன்.

வியாழக்கிழமை றம்யாவைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சறுக்குமரத்தில் ஏறி நின்றாள். பின்னால் நின்ற இத்தாலியப் பிள்ளைக்குப் பொறுமை இல்லை. அதன் தாய் எங்கள் பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு "வா, வா!" என்று கையைக் காட்டினாள். அவர்களுடைய பாஷையில் அது போ, போ. எங்கள் பிள்ளை சறுக்கவில்லை. திரும்பி ஏணியால் இறங்கி என்னிடம் ஓடி வந்து, "அம்மம்மா, அந்த அன்ரி வரச் சொல்லுறா, ஆரிட்டை வர?" என்று கேட்டாள்.

நான் அந்த இடத்திலேயே வாங்கில் இருந்துவிட்டேன். உங்கள் நாய் நினைவுக்கு வந்தது.

நீங்கள் முப்பத்தெட்டு வருடம் இவர்களோடு பேசிப் பேசி அந்தச் சொல் உங்கள் காதுக்கு இத்தாலியன் ஆகிவிட்டது. நாய்க்கு அது தமிழ். வா என்று நீங்களே கத்தினால் அது வராமல் என்ன செய்யும்? நூறு தரம் கூப்பிட்டிருக்கிறீர்கள், நூறு தரமும் வந்திருக்கிறது. கட்டை நாயின் தலையில் இல்லை.

அந்தச் சொல்லை அதற்குப் பழக்கியது யார் என்று கேட்பீர்கள். நான்தான். நாய்க்கு மீன்தலை கொடுக்கக் கூடாது, முள் சிக்கும் என்று நீங்கள் சட்டம் போட்டீர்கள். நான் வேலைக்குப் போகுமுன், நீங்கள் படுத்திருக்கும்போது, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, அவித்து முள் எடுத்த மீன்தலையைக் கையில் வைத்துக்கொண்டு "வா" என்பேன். ஒன்றரை வருடம், ஒவ்வொரு காலையும். அது எப்படி வரும் தெரியுமா? காலடிச் சத்தம் கேட்காது. நீங்கள் எழும்பிவிடுவீர்கள் என்று அதற்கும் தெரிந்திருந்தது.

ஆகவே கபோவில் வாள்மீன் தலைக்கு அது ஏன் பாய்ந்தது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். பனிக்கட்டிக்குள் கிடக்கும்போதே தெரியும். நான்கு மாதம் சொல்லாமல் இருந்தேன். நாய் பாய்ந்தது என் பிழை. நீங்கள் சிரித்தது உங்கள் பிழை. இரண்டையும் சேர்த்துக் குழைக்க வேண்டாம்.

"போ" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். அந்தச் சொல்லை வீட்டில் அதற்கு யாரும் சொன்னதில்லை. புதிதாகப் படிக்கும்.

விமலராணி


பலெர்மோ
12 மே 2025

அன்புள்ள விமலராணிக்கு,

உம்முடைய கடிதத்தை றோஸ்மேரி வாசித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நிறுத்தித் தன் நெற்றியில் தானே அடித்தாள். "மாமா, போன கடிதத்திலை நானும்தானே இத்தாலியனிலை போகச் சொல்லுறார் எண்டு எழுதினனான்! எனக்கும் விளங்கேல்லையே!" பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். லாம்போவும் குரைத்தது.

முதல் நாள் "போ" என்றேன். அது என் முகத்தைப் பார்த்தது. ஐந்து நாள் சென்றது. நான் முன்னாலே நடந்து போய் அதன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "போ" என்று விடுவேன். ஆறாம் நாள் கோப்பை இல்லாமலே போனது. விமலராணி, அது ஓடவில்லை, எறிந்த கல்லுப் போலப் போனது. கலோஜெரோ தொப்பியைக் கழற்றினார். "என்ன செய்தீர்?" என்று கேட்டார். என் மனைவி பொலோஞாவில் இருந்து திருத்தினாள் என்றேன். நம்பவில்லை.

இனி நான் சொல்லப்போவதை றோஸ்மேரியை வைத்துக்கொண்டு சொல்ல ஒரு மாதம் சென்றது. அவள் இப்போது தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள்.

மோட்டார் சைக்கிள் வரவில்லை.

சனம் சிரித்தது, நானும் சிரித்தேன். சிரித்தது பிழை என்று அந்த இடத்திலேயே விளங்கியது. பிறகு உம்முடைய முகத்தைப் பார்க்கப் பயம் வந்தது. நாயைப் பார்க்கப் பயம் இல்லை, ஆகையால் நாயைத் தூக்கினேன். அதுதான் நடந்தது. இன்னொன்றும் இருக்கிறது. நீர் எப்படியும் எழும்பிவிடுவீர் என்று நினைத்தேன். மகள் பிறந்து ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனீர். படியில் விழுந்து விலா வெடித்த மாதம், சிஞோராவைக் குளிப்பாட்டப் போனீர், என்னிடம் சொல்லவே இல்லை, மருந்துக்கடைக்காரர்தான் சொன்னார். அன்றைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஞாபகம் வைத்திருந்தேனே தவிர, ஒரு நாளும் கை கொடுத்துத் தூக்கவில்லை.

போட்டி 25ஆம் திகதி, ஞாயிறு. வென்றாலும் தோற்றாலும் இந்தக் கடிதம் அதற்கு முன்னே வந்து சேரவேண்டும் என்று இன்றைக்கே போடுகிறேன். காகிதத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம்.

ஸ்ரனிஸ்லாஸ்


பொலோஞா
4 ஜூன் 2025

றஜிதாவின் அப்பாவுக்கு,

25ஆம் திகதி முடிந்து பத்து நாள். தபால்பெட்டியை நாளுக்கு இரண்டு தரம் திறக்கிறேன். றஜிதா சிரிக்கிறாள்: "ஒரு கோல் எடுத்தால் முடியிற விஷயம் அம்மா." நான் எடுக்கமாட்டேன். எழுத்தில் வரவேண்டும் என்று சொன்னவள் நான்தான்.

உங்கள் 12ஆம் திகதிக் கடிதத்தை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

20ஆம் திகதி, வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் பதிந்துவிட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து இறங்கும். நாய் தோற்றிருந்தாலும் வருவேன். இதை நாய்க்குச் சொல்ல வேண்டாம்.

தோற்றதோ வென்றதோ? எழுதுங்கள்!

விமலராணி


பலெர்மோ
9 ஜூன் 2025

அன்புள்ள விமலராணிக்கு,

சுணங்கியதற்கு மன்னிக்கவேண்டும். போட்டிக்கு அடுத்த நாளே றோஸ்மேரி பங்குக்காரரோடு லூர்துக்குப் போய்விட்டாள், நேற்றுத்தான் வந்தாள். எழுதித் தர ஆட்கள் இருந்தார்கள். ஆனால் உமக்கும் எனக்கும் நடந்ததை எல்லாம் அறிந்தவள் இவள் ஒருத்திதான். இரண்டாவது சாட்சி வைக்க எனக்கு வெட்கம்.

வென்றோம்!

ஒன்பது நாய். நான்கு சாதி நாய், கழுத்தில் வெள்ளிச் சங்கிலி, காரில் தனிப் பெட்டி. நாங்கள் மூன்று பேரும் பேருந்தில் போனோம். லாம்போ வழிமுழுக்க றோஸ்மேரியின் மடியில் வீணீர் வடித்தது.

தடம் முதலில். தென்காற்று அடித்தது, புல்லின் மணத்தையே சுடுகிற காற்று. எங்களுக்கு முன்னே போன மூன்று நாய்களும் முதல் வளைவிலேயே தடத்தை விட்டுவிட்டன. லாம்போ மூக்கை மண்ணில் ஊன்றிக்கொண்டு போனது. நீளக் கயிற்றின் இந்த முனையில் நான். மரத்தைக் கண்டது, படுத்தது. துணியைக் கண்டது, படுத்தது. அதற்குப் பிறகு வேலிக்கு அப்பால் ஒருவன் செம்மறிகளைச் சாய்த்துக்கொண்டு போனான். லாம்போ தலையைத் தூக்கியது. வாய் திறந்தால் புள்ளி வெட்டுவார்கள். நான் பேசாமல் நின்றேன். நீர் அறிவீர், நான் பேசாமல் நிற்பது எவ்வளவு பாடு என்று. லாம்போ ஆடுகளைப் பார்த்தது, என் பக்கம் பார்த்தது, பெருமூச்சு ஒன்று விட்டது, மூக்கைத் திரும்பக் கீழே வைத்தது. தோல் கிடந்த இடத்தில் படுத்துவிட்டது. நக்கக்கூட இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

பிறகு சொல் கேட்பது. நடுவர் ஒரு மெலிந்த பெண், கறுப்புக் கண்ணாடி. நான் "போ!" என்றேன். லாம்போ போனது. ஐம்பது அடி, ஒரு கோடு கீறியது போல. "படு!" விழுந்து படுத்தது. வேலியில் நின்ற சனம் கை தட்டியது. இனிக் கூப்பிடவேண்டும். நான் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, "வா!" என்று கத்தினேன்.

சனத்துக்கு அது போ என்று கேட்டது. நாயோ திரும்பி, காது பின்னுக்குப் பறக்க, என்னிடம் பாய்ந்து வந்தது. சனம் "ஓ!" என்றது. ஒருவன், "போச்சு, ஸ்தானி! பிழைச்சுப் போச்சு!" என்று கத்தினான். நடுவர் பேனையை நிறுத்தினார்.

"நீங்கள் போகச் சொல்லுறியள், நாய் வருது. இதுக்கு நான் எப்படிப் புள்ளி போடுறது?"

முப்பத்தெட்டு வருடத்து இத்தாலியன் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. அப்போது றோஸ்மேரி வேலியைத் தாண்டி வந்தாள். அவளுடைய வயதில் வேலி தாண்டக் கூடாது. "உங்கட கையிலை உள்ள தாளைத் திருப்பிப் பாருங்கோ, சிஞோரா" என்றாள். பெயர் கொடுத்த தாளின் பின்பக்கத்தில், என்ன பாஷை, என்ன சொல் என்று கேட்ட இடத்தில், உம்முடைய கடிதத்தை வாசித்த அன்றே அவள் எழுதி வைத்திருக்கிறாள்: தமிழ். வா என்றால் வருவது. போ என்றால் போவது. எனக்குத் தெரியாது. அந்தத் தாளை இரண்டு மாதம் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தவன் நான்.

நடுவர் வாசித்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். தானே லாம்போவைப் பார்த்து, மெல்ல, "வா" என்றார். லாம்போ என்னைப் பார்த்தது. நான் தலையாட்டினேன். எழும்பிப் போய் அவருடைய சப்பாத்துக்கு முன்னால் குந்தியது. அவர் சிரித்த சிரிப்பு பார்த்தினிக்கோ முழுக்கக் கேட்டிருக்கும். சனம் முழுக்க வா, வா என்று கத்தத் தொடங்கியது. நாய்க்குத் தலை சுற்றியிருக்கும். ஆனாலும் அசையவில்லை.

எண்பத்தெட்டு. மொத்தத்தில் முதலாமிடம். கிண்ணம் குளிர்பெட்டிக்கு மேலே இருக்கிறது. கலோஜெரோ என்னைக் கட்டிப் பிடித்து, பொலோஞாவில் இருக்கும் பயிற்சிக்காரிக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னார்.

காகிதம் இத்துடன் வருகிறது. முத்திரை இருக்கிறது. பிறத்தியார் கையெழுத்தும் இருக்கிறது. நாயைக் கொண்டு நின்றவர் என்ற கோட்டில் என் பெயரை நானே கீறினேன். றோஸ்மேரி புள்ளி புள்ளியாக வைத்துத் தந்தாள், அதன் மேலே இழுத்தேன். கொஞ்சம் கோணல். நாய்க்கு உரியவர் என்று இன்னொரு கோடு இருந்தது. அதில் உம்முடைய பெயரைப் போடச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்துக்கு வருவேன். நாயைக் கொண்டுவர மாட்டேன். உம்முடைய பெட்டியை நான் தூக்கவேண்டும், இரண்டு கையும் வேண்டும்.

முன்னொரு நாளும் உம்மைக் கூப்பிட அங்கே போனேன். உலகக் கிண்ணப் பந்தாட்டம் இந்த ஊரில் நடந்த ஜூன், அயர்லாந்தும் ஒல்லாந்தும் ஆடிய நாள். வாசல் முழுக்கப் பச்சைச் சட்டையும் செம்மஞ்சள் சட்டையும், அதற்குள் நாங்கள் ஐந்து பேர். கடன் வாங்கிய மூன்று சில்லு வண்டியை ஓட்டி வந்தவன் கோபாலசிங்கம். லீரா போய் யூரோ வந்த வருடம் இறந்து போனான். பூங்கொத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றவன் யாக்கோபு, பலெர்மோவில் பனி கொட்டிய வருடக் கடைசி அன்று போனான். அறிவிப்பு எல்லாம் வாசித்துச் சொன்னவன் நகுலேஸ்வரன், ரொறன்ரோவில், முகமூடிக் காலத்தில். உமக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தவ செலஸ்ரீனா அக்கா, இந்தத் தவக்காலத்தில், பேசாலையில். நாய்க்குக் கிண்ணம் கிடைத்தது என்று சொன்னால், "ஆர், இவனுக்கோ?" என்று வயிற்றைப் பிடித்துச் சிரிக்கக் கூடியவர்கள் அவர்கள். அன்றைக்கு அங்கே நின்ற என்னை அறிந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது, பெட்டியோடு கதவால் வெளியே வந்த ஆள் மட்டும்தான்.

அது நீர்தான், விமலராணி.

ஸ்ரனிஸ்லாஸ்